வாசகர் கேள்விகள்: சமூகப்பணி வகுப்பறைக்கு என்ன வேண்டும்?

சமூகப்பணி கற்பிக்கும் ஆசிரியர்களும் களப்பணி மேற்பார்வையாளர்களும் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் விடையளிக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: முதுகலை மாணவர்களுக்குத் தனிநபர் சமூகப்பணி கற்பிக்கும் இளம் உதவிப் பேராசிரியர் நான். பாடநூல்களில் உள்ள நேர்வுகள், அதாவது ஒருவரின் வாழ்க்கைச் சிக்கலை விவரிக்கும் எடுத்துக்காட்டுகள், பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயக் குடும்பங்களைப் பற்றியவை. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். களத்துக்குப் போனால் திகைத்து நிற்கிறார்கள். நம் பகுதியைச் சார்ந்த நேர்வுகள் எங்கே கிடைக்கும், ஐயா? — பாளையங்கோட்டை

உங்கள் தவிப்பு எனக்கு நன்கு தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பெடுக்கத் தொடங்கியபோதும் இதே நிலைதான். இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரிலான பட்டப்படிப்புப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் அமெரிக்கர். 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சமூகப்பணிப் பள்ளி உருவானது. தொடக்கத்தில் பாடத்திட்டமும் நூல்களும் கடல் கடந்து வந்ததில் வியப்பில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மேலப்பாளையத்துப் பெண்ணைப் புரிந்துகொள்ள சிகாகோவின் குடியிருப்பைப் படித்துக்கொண்டிருப்பது நம் குறைதான். 2014இல் மெல்போர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரையறையே, அந்தந்த மண்ணின் மக்களிடம் உள்ள அறிவையும் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஆயத்தமாக எங்கும் கிடைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும். அது பெரிய ஆராய்ச்சி வேலையன்று. உங்கள் துறையில் பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் களப்பணிக் குறிப்பேடுகளைப் புரட்டினாலே ஐம்பது நேர்வுகளுக்குக் கரு கிடைக்கும். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை அப்படியே எடுத்து எழுதிவிடக் கூடாது. நான்கைந்து பேரிடம் கண்டவற்றைக் கோத்து, வயது, ஊர், குடும்ப அமைப்பு ஆகியவற்றை மாற்றி, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒரு புது மனிதரை உருவாக்குங்கள். குழந்தைகளைப் பற்றியதாக இருந்தால் இது சட்டக் கடமையும் ஆகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கின்றன.

நான் வகுப்பில் நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு நேர்வைச் சொல்கிறேன். மூன்று தாள்களில் எழுதி, ஒவ்வொரு தாளாகத்தான் கொடுப்பேன்.

முதல் தாள்: முக்கூடல் பக்கத்திலிருந்து முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். 'மேலுக்கு முடியல, ராத்திரி ஒறக்கம் இல்ல' என்கிறார். பரிசோதனைகளில் பெரிதாக எதுவும் தெரியாததால் மருத்துவர் அவரை மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடம் அனுப்புகிறார். பீடி சுற்றுபவர். கணவர் கேரளத்தில் கட்டட வேலை பார்க்கிறார். இந்த இடத்தில் நிறுத்தி, 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'கவுன்சலிங் கொடுப்போம்' என்று எழுதுவார்கள்.

இரண்டாம் தாள் அவருடைய வீடு. சொளவை (முறத்தை) மடியில் வைத்து, ஊறவைத்து வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுற்றி நூலால் கட்டும் வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு. ஆனால் கம்பெனியின் பாஸ்புத்தகம் மாமியார் பெயரில் இருக்கிறது. சுற்றுவது மருமகள், வருங்கால வைப்பு நிதி சேர்வதோ மாமியார் பெயரில். மகள் பதினோராம் வகுப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து சுற்றுகிறாள். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும்.

மூன்றாம் தாளில், மூன்றாவது சந்திப்பில் அந்தப் பெண் சொல்லும் ஒரே வாக்கியம் மட்டும் இருக்கும்: 'எனக்கு மருந்தும் வேண்டாம், புத்தியும் சொல்ல வேண்டாம், எம்பேருல ஒரு புஸ்தகம் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.'

வகுப்பு அமைதியாகிவிடும். தன் வாழ்க்கை பற்றிய முடிவைத் தானே எடுக்கும் உரிமை என்ற கோட்பாட்டை அதன் பிறகு நான் விளக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. பீடித் தொழிலாளருக்கான சட்டம் என்ன சொல்கிறது, பெயர் மாற்றத்துக்கு யாரை அணுகுவது, மாமியாரைப் பகைக்காமல் அதை எப்படிச் செய்வது, மகளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினால் தவணை என்னவாகும் என்று மாணவர்களே கேட்கத் தொடங்குவார்கள். மாமியாரைக் கொடுமைக்காரியாகச் சித்திரிக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். நாற்பது ஆண்டுகள் சுற்றி விரல் தேய்ந்துபோன கிழவிக்கு அந்தப் புத்தகம்தான் முதுமைக்கு ஒரே பிடிமானம். இரண்டு பக்கமும் நியாயம் இல்லாத நேர்வு வகுப்புக்கு உதவாது.

இதே நேர்வைக் கொண்டு சூழல் வரைபடமும் போடச் சொல்லலாம். ஆன் ஹார்ட்மன் 1975இல் உருவாக்கிய இந்தக் கருவியில், குடும்பத்தை நடு வட்டத்தில் வைத்து, சுற்றியுள்ள உறவுகளையும் அமைப்புகளையும் வட்டங்களாக வரைந்து கோடுகளால் இணைப்பார்கள். பாடநூல் படத்தில் உள்ள பொழுதுபோக்கு மன்றத்தையும் நலத்துறை அலுவலகத்தையும் அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். பீடிக் கடை, மகளிர் குழு, ரேஷன் கடை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி வாங்கும் ஊர்க்கமிட்டி, பள்ளிவாசல் அல்லது தேவாலயம், அடுத்த தெருவில் இருக்கும் பிறந்தவீடு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். எந்தக் கோடு பலம் தருகிறது, எது உறிஞ்சுகிறது என்று கேளுங்கள். கொடை வரியைச் சிலர் சுமையென்றும் சிலர் ஊரோடு இருக்கும் உரிமையென்றும் வரைவார்கள். அந்த விவாதம் ஒரு மணி நேரம் போகும், போகட்டும்.

கேள்வி: மாணவர்கள் எழுதிவரும் நேர்காணல் பதிவுகளைத் திருத்துவது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதா, தமிழிலா? — சேரன்மகாதேவி

தமிழில் எழுதச் சொல்லுங்கள். பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லை அந்தச் சொல்லாகவே எழுதச் சொல்லுங்கள். பதிவுகள் ஒன்றுபோல இருப்பதற்கு முதன்மைக் காரணம், மாணவர் கேட்டதை எழுதாமல் மொழிபெயர்த்து எழுதுவதுதான். 'வெசனமா இருக்கு' என்று ஓர் ஆச்சி சொன்னதை மாணவர் 'மனச்சோர்வு' என்று எழுதிவிட்டால், அது ஒரு நோயின் பெயராகிவிடுகிறது. ஆச்சி சொன்னது கவலையா, துக்கமா, யாரும் வந்து பார்க்கவில்லை என்ற ஏக்கமா என்று திரும்பிப் பார்க்க வழியில்லாமல் போகிறது. 'மேலுக்கு முடியல' என்பதும் அப்படித்தான். மனத்தில் உள்ளதை உடம்பின் பெயரால் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. 'அவனுக்குக் கோட்டி' (பைத்தியம்) என்று ஊர் ஒருவரைச் சொன்னால், அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும். யார் சொன்னது, எந்தத் தொனியில், அவர் காதில் விழும்படியா என்பதும் பதிவில் இருக்க வேண்டும். மனநல வகுப்பில், நோயுற்றவர் மீது சமூகம் ஏற்றும் இழிவுச்சுமை என்ற தலைப்புக்கு அதைவிடத் தெளிவான பாடப்பொருள் கிடைக்காது.

திருத்தும் முறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தாளை நான்கு பத்திகளாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் பேசியது, இரண்டாவதில் கண்ணால் கண்டது, மூன்றாவதில் அந்த நேரத்தில் மாணவருக்குள் தோன்றியது, கடைசியில் உங்கள் குறிப்பு. ஒரு மாணவி 'அவர் சோகமாக இருந்தார்' என்று இரண்டாம் பத்தியில் எழுதியிருந்தார். 'சோகத்தை எப்படிக் கண்டீர்கள்?' என்று மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதே இடத்தில், 'பேச்சு மகனைப் பற்றி வந்ததும் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், ஆனால் நான் கேட்கவில்லை' என்று எழுதி வந்தார். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் சிவப்பு மையால் இலக்கணப் பிழை திருத்திக் காலம் கழித்தோம். அதைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் கற்பிக்கும்.

மூன்றாம் பத்தியை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டால், பயந்ததையும் அருவருத்ததையும் சாதி பார்த்துத் தயங்கியதையும் மாணவர் எழுத மாட்டார். எழுதியதைத் தனிச் சந்திப்பில் மட்டும் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் சமூகப்பணி நூல்கள் மிகக் குறைவு. செலவில்லாமல் இணையத்தில் கிடைக்கும் நம்பகமான பாடப்பொருள்கள் எவை? — தென்காசி

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாட ஏடுகள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சமூகப்பணி இளங்கலை, முதுகலைப் பாடங்கள் இரண்டும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய இ-பிஜி பாடசாலாவையும், ஸ்வயம் தளத்தையும் பாருங்கள். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை என்பதால், ஆசிரியரின் தயாரிப்புக்கு உதவுமே தவிர மாணவர் கையில் அப்படியே கொடுப்பதற்கு ஏற்றவையல்ல.

தமிழில் கிடைப்பவற்றுள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அச்சாகிறது, அரசுத் தளத்திலும் கிடைக்கிறது. சமூக நலன், மாற்றுத் திறனாளிகள் நலன், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலன், தொழிலாளர் நலன் ஆகிய துறைகளின் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டால் சமூகக் கொள்கைப் பாடத்துக்கு ஓராண்டுக்கான பொருள் ஆயத்தம். துறைக்கான தமிழ்ச் சொற்களும் அவற்றிலிருந்தே மாணவருக்குப் பழகிவிடும். ஒரு திட்டத்தைப் பற்றிக் குறிப்பில் உள்ள பத்தியை எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போய், அது அங்கே எந்த வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுதி வரச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க்காரர்கள் புள்ளிவிவரத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் திருநெல்வேலி, ஏறத்தாழ 30.77 லட்சம் பேர் கொண்ட பழைய மாவட்டம். ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள் என்ற விகிதமும் அந்தப் பழைய எல்லைக்கே உரியது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் 2017 மார்ச் மாத எல்லைகளின்படி மாவட்டங்களைக் கணக்கிட்டதால், அதிலும் தென்காசி தனியாக வராது. இதை அறியாமல் இன்றைய நெல்லைக்கும் பழைய நெல்லைக்கும் வளர்ச்சி ஒப்பீடு செய்த செய்முறை ஏடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: நடித்துக் காட்டும் பயிற்சியில் மாணவர்கள் வெட்கப்படுகிறார்கள், இல்லையென்றால் சிரித்துக் கெடுக்கிறார்கள். விட்டுவிடலாமா? — அம்பாசமுத்திரம்

விடாதீர்கள். எழுத்துத் தமிழில் வசனம் கொடுத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். 'வணக்கம், நான் சமூகப்பணியாளர், தங்கள் பிரச்சினை யாது?' என்று யாரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்பதில்லை. 'அண்ணாச்சி, இருக்கலாமா?' என்று தொடங்கட்டும். மதினி என்று அழைப்பதா, அக்கா என்பதா, பெரியம்மை என்பதா என்று மாணவர் தேர்ந்தெடுக்கும்போதே உறவும் வயதும் சாதியும் மதமும் அந்த அறைக்குள் வந்துவிடும். அதைப் பற்றிப் பேசுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. முதலில் மூவர் மூவராகப் பிரித்து, ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தால் பார்வையாளர் கூட்டம் இருக்காது, வெட்கமும் குறையும். ஏழு நிமிடம் போதும்.

முடிந்ததும், நடித்தவர் அந்த வேடத்தைக் களைய நேரம் கொடுங்கள். தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லி இடம் மாறி உட்காரச் செய்வது போதுமானது. குடிக்கு அடிமையான தகப்பனின் மகளாக நடித்த மாணவி, உண்மையிலேயே அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். அவரை அந்த வேடத்தோடேயே பேருந்துக்கு அனுப்பக் கூடாது.

கேள்வி: பேரிடர் மேலாண்மைத் தாளுக்கு 2023 வெள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எப்படிக் கற்பிப்பது? — ஸ்ரீவைகுண்டம்

உங்கள் ஊரில் இருந்துகொண்டு வேறு எதை எடுப்பீர்கள்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், செந்தூர் விரைவு ரயில் உங்கள் ஊர் நிலையத்திலேயே சிக்கி நின்றதையும் மாணவர்கள் அறிவார்கள். ரயிலில் சிக்கிய ஏறத்தாழ 800 பேரில் பலருக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் பரிமாறினார்கள். ஊர் மக்கள் ஒன்றுதிரண்டு செயல்படுவதைக் கற்பிக்கும் சமுதாய அமைப்புப் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். யார் முதலில் சொன்னது, அரிசி யாருடையது, பாத்திரம் கோயிலுடையதா பந்தல்காரருடையதா, சமைத்தவர் யார், சாப்பாட்டை ஏந்திக்கொண்டு வெள்ளத்தில் நடந்தவர் யார் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். நிவாரணம் என்றதும் மேலிருந்து வருவது என்று மாணவர் எண்ணும் எண்ணம் அதில் மாறும்.

அடுத்து ஊர் வரைபடம். தெருவில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்லி, தண்ணீர் ஏறிய இடங்களில் புளியங்கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள்: ஒரு கொட்டை கணுக்கால் அளவு, இரண்டு இடுப்பளவு, மூன்று கூரையளவு. வரைவது ஊர்க்காரராக இருக்கட்டும். மாணவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். ஆண்கள் வரைந்ததும், பெண்களைத் தனியாக வேறோர் இடத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டு படங்களும் ஒன்றாக இருக்காது. 1992 நவம்பர் வெள்ளம் நினைவிருக்கும் முதியவர்களை அழைத்து, அப்போது தண்ணீர் எதுவரை வந்தது, அதன் பிறகு எந்தக் கால்வாய் அடைபட்டது என்று கேட்டால் பேரிடரின் காரணங்களும் படத்துக்குள் வந்துவிடும். வீடிழந்தவரிடம் 'அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது வகுப்பு போய்க் கேட்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: மாற்றுத் திறனாளிகள் பற்றிய பாடத்துக்கு நிறுவனப் பார்வையிடல் உதவுமா? — ஆலங்குளம்

பிஸ்கட் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்பும் பயணமாக இருந்தால் உதவாது, கெடுக்கும். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. 1981இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். மாற்றுத் திறனாளியே தொடங்கி வழிநடத்திய நிறுவனத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்ற ஒரே கேள்வியோடு, முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுப் போங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதைப் போகும் முன்பே படித்துவிட்டால் அங்குள்ளவர்களின் நேரம் வீணாகாது.

கேள்வி: எங்கள் துறையில் பதினைந்து ஆண்டுக் களப்பணிக் குறிப்பேடுகள் குவிந்து கிடக்கின்றன. இடம் இல்லை. என்ன செய்யலாம்? — வள்ளியூர்

முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் அவற்றை எடைக்குப் போட்டார்கள். சில வாரங்கள் கழித்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபோது, வயலட் மையில் ஒரு மாணவியின் கையெழுத்தைக் கண்டேன். அதில் ஒரு பெண்ணின் பெயரும் தெருவும் கணவர் அவரை அடித்த நாளும் எழுதியிருந்தன. அந்தப் பெண் அந்த மாணவியை நம்பி, அந்த மாணவி எங்களை நம்பி எழுதியது அது. சுண்டலைக் கீழே கொட்டிவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, முதலில் ஒரு வாரம் ஒதுக்கி, கற்பிக்கத் தகுந்த பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். பெயர், ஊர், தெரு, தேதி, வேலை செய்யும் இடம் இவற்றை நீக்கி, மேலே முதல் கடிதத்துக்குச் சொன்ன முறையில் புது நேர்வுகளாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய மாணவர்களின் இசைவையும் கேட்டுப் பெறுங்கள். மீதியைத் துறைத்தலைவர் முன்னிலையில் கிழித்து, வளாகத்திலேயே எரித்துவிடுங்கள். முழுவதும் எரியும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வரும் ஆண்டு முதல், குறிப்பேட்டில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் எழுதட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மேற்பார்வையாளரின் பூட்டிய மேசைக்குள் இருக்கட்டும்.